தானாக நடந்த அலமாரி

அந்த அலமாரியை நான் வெறுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் அதைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்ளும்போது எனக்கு அதன் மேல் ஏதோ பாசம் என்று நினைத்துவிடுவீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், போர்ட் பிளேரில் கப்பல் பயணத்துக்கு இடம் ஒதுக்கும் ஒரு சின்ன அரசாங்கப் பிரிவில் நான் கிளார்க்காக இருந்தேன். மெயின்லேண்டுக்குப் போக வேண்டியவர்கள் எங்கள் ஜன்னலுக்கு வந்து பெயர் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு அட்டை எழுதுவோம். பெயர், இருக்கும் தீவு, கூட எத்தனை பேர், எதற்காகப் போகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். மேலே ஒரு வரிசை எண். மெட்ராஸ் போகும் கப்பல் எப்போது வரும் என்று அந்தக் கப்பலுக்கே தெரியாது. வந்துவிட்டால், இருக்கிற இடங்களை அட்டைகளின் வரிசைப்படி பங்கிட்டு, லிஸ்ட் போட்டு, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு அனுப்ப வேண்டும். விமானமும் உண்டுதான். அது கல்கத்தாவுக்குப் போகும், அதில் பெரிய அதிகாரிகள் போவார்கள். மற்றவர்களுக்குக் கப்பல்.

அங்கே காகிதம் உலர்ந்து இருப்பதே ஒரு விசேஷம். வருடத்தில் பாதி மழை. அட்டைகள் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும், மை பரவும், ராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்னும். அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில்தான் ஈரம் கொஞ்சம் அடங்கும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. வாரக் கடைசியில் அட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து, துணியால் துடைத்து, மேசை மேல் பரப்பி உலர்த்தி, மறுபடி வரிசைப்படுத்தி அடுக்குவது என் தலையில் விழுந்த வேலை. படித்தது ஹையர் டைப்பிங். பார்த்தது வடாம் காயப் போடும் வேலை.

ஆனால் என்னைக் கட்டிப் போட்டது ஈரம் இல்லை. செத்த அட்டைகள்.

பெயர் கொடுத்தவர்கள் காத்திருந்து காத்திருந்து சலித்துப் போவார்கள். சிலர் சரக்குக் கப்பலில் யாரையோ பிடித்துப் போய்விடுவார்கள். சிலருக்கு அங்கே நடக்கவிருந்த கல்யாணம் இவர்கள் இல்லாமலேயே முடிந்திருக்கும். சிலர் நிஜமாகவே இறந்துபோயிருப்பார்கள். ஆனால் அட்டை மட்டும் உள்ளே உயிரோடு இருக்கும். கப்பல் வரும்போது அந்தப் பெயர்களும் லிஸ்டில் ஏறி, ஜெட்டியில் கூப்பிட ஆளில்லாமல், இடம் காலியாகவே கப்பல் போய்விடும். கரையில் நிற்கிற ஜனம் எங்களைத்தான் திட்டும். அதனால் யார் இருக்கிறார், யார் போனார் என்று கடைத்தெருவில், கோவிலில், தண்ணீர்க் குழாயடியில் எல்லாம் விசாரித்து விசாரித்து நான் மனதில் வைத்துக்கொண்டேன். நாளடைவில், எந்த அட்டை உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்பது என் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிட்டது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர்தான் என் கழுத்துக்கு வந்தது.

எனக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. என் மகள் அங்கே இருந்தாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. கணவருக்குப் படகு பழுது பார்க்கும் பட்டறையில் தச்சு வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தோம். ஜங்லிகாட்டில் பலகை வீடு, தகரக் கூரை. மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது காய்ச்சல் பிடித்தது. விட்டு விட்டு வந்து பிள்ளையை உருக்கிவிட்டது. இந்தக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னார். பிள்ளையில்லாத என் அக்கா, ஒரு மழைக்காலம் மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதினாள். ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு அனுப்பி வைத்தோம். அந்த மழைக்காலம் முடியவே இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றாள், பிள்ளை தேறிவிட்டாள் என்றாள், இப்போது எதற்கு மாற்ற வேண்டும் என்றாள். எல்லாம் நியாயமாகவே இருந்தது. நியாயமாக இருந்ததால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை.

இப்போது அவளுக்குப் புதுநன்மை கொடுக்கப் போகிறார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள். பிள்ளைகள் முதன்முதலில் நற்கருணை வாங்கும் நாள் அது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அதுதான். வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளையின் தலையில் தாய் முக்காட்டைப் பொருத்தி, கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, கோவில் வாசல் வரை கூட்டிப்போவாள். அதைத் தாய்தான் செய்ய வேண்டும். கடிதத்தின் அடியில், "வரப்போறது போட்டோவுல இருக்கிற அம்மாவா என்று கேட்கிறாள்" என்று எழுதியிருந்தாள் அக்கா. வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பாள். நான் அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

லீவு கேட்டேன். எங்கள் அதிகாரி கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், டெபுடேஷனில் வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. தன் காலம் முடிகிறவரை எந்த வம்பும் வரக்கூடாது என்று பயந்துகொண்டே நாற்காலியில் உட்காருகிறவர்.

"இங்க பாருங்கம்மா," என்றார். "நீங்க போயிட்டு, அந்த நேரம் பாத்து கப்பல் வந்துடுச்சின்னா, எந்த அட்டை உசிரோட இருக்குன்னு எனக்கு யார் சொல்றது?"

"எழுதி வச்சிட்டுப் போறேன் சார்."

"நீங்க போன மறுநாளே அது பழசாயிடுமே. மாத்தி விட ஒரு ஆள் வரட்டும், பாக்கலாம்."

மாற்று ஆள் மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். அங்கிருந்து யாரும் தாமாக வருவதில்லை. மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே பதில். வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது சட்டியைப் போட்டு உடைத்தேன். கணவர் பார்த்தார்.

"ஏளா, உனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? சட்டி என்ன செஞ்சிச்சு?"

"அந்த அலமாரி என்னை விடமாட்டேங்குது," என்றேன். "நான் இல்லாம அது நடக்காதாம்."

"நீ இல்லாமலே நடக்கும்படிக்குச் செஞ்சு போடு, அவ்வளவுதான்," என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். படகு ஒழுகினால் அடைக்கிற மாதிரிதான் அவருக்கு எல்லாமே.

அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. யார் உயிரோடு இருக்கிறார் என்று நான் ஏன் ஊரெல்லாம் தேடிப் போக வேண்டும்? உயிரோடு இருக்கிறவர்கள் வந்து சொல்லட்டுமே. வராதவர்களின் அட்டை தானாக விழுந்துவிடட்டுமே. அதற்கு என் மூளை எதற்கு, யாருடைய மூளையும் எதற்கு?

கணவர் பட்டறையிலிருந்து பழைய பாய்மரத் துணி கொண்டுவந்து கொடுத்தார். மாதத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பை தைத்து, அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் வரிசையாகத் தொங்கவிட்டேன். பெயர் கொடுத்த தேதி எதுவோ அந்தப் பைக்குள் அட்டை. மாதா மாதம் அதே தேதியில் அந்த ஆள் ஜன்னலுக்கு வர வேண்டும். அன்று லீவு நாளானால் அடுத்த நாள். அன்றைய பையில் உள்ள அட்டைகளை மட்டும் வெளியே எடுத்து மேசையில் வைத்துக்கொண்டால் போதும். வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி. போகிற காரியம் இன்னும் பாக்கி இருக்கிறதா, முடிந்துவிட்டதா? பாக்கி என்றால் அட்டையில் ஒரு முத்திரை, அட்டை திரும்பப் பைக்குள். முடிந்துவிட்டது என்றாலோ, சாயங்காலம் ஆபீஸ் மூடும்வரை ஆளே வரவில்லை என்றாலோ, அட்டை கீழ் டிராயருக்குள். அவ்வளவுதான். கப்பல் வரும்போது பைகளில் இருப்பவை எல்லாம் உயிருள்ள அட்டைகள். மேலே எண் இருக்கிறது. அடுக்கி எழுதினால் லிஸ்ட். கிழிந்ததும் பூச்சி அரித்ததும் மாதம் ஒரு தடவை கைக்கு வருவதால் அப்போதே தெரிந்துவிடும். வாரக் கடைசி வடாம் வேலையும் ஒழிந்தது.

இதை நடத்த எங்கள் பியூனையே பழக்கினேன். அவர் அந்தமானிலேயே பிறந்து வளர்ந்தவர், தலை நரைத்தவர். இந்திதான் அவர் பாஷை. எங்களோடு இருந்து இருந்து தமிழும் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இங்கிலீஷில் எண் தவிர வேறொன்றும் படிக்கத் தெரியாது. அதற்காக ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஓட்டை போட்டுக் கலர் நூல் கட்டினேன். நோய் நொடி என்றால் சிவப்பு. சர்க்கார் வேலையாகப் போவது பச்சை. வீட்டு விசேஷம் மஞ்சள். சும்மா ஊர் பார்க்கப் போவது வெள்ளை. பாய் நூலைப் பார்த்தே கேள்வி கேட்பார். முத்திரை குத்துவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம் வந்துவிட்டது. குத்துவதற்கு முன்னால் ஒரு தடவை ஊதிக்கொள்வார்.

முதல் இரண்டு மாதம் தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டினார். வராதவர்களின் அட்டையையும், அவன் நல்லவன், நாளைக்கு வருவான் என்று பைக்குள்ளேயே வைத்துவிடுவார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு அட்டைக்கு இரக்கம் காட்டினால் மறுபடி எல்லாம் என் தலைக்குள் வந்துவிடும், நான் மறுபடி மாட்டிக்கொள்வேன்.

"மூஞ்சியைப் பாக்காதீங்க பாய்," என்றேன். "நூலைப் பாருங்க. யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் கை தப்பவே இல்லை.

ஜன்னலில் அழுதவர்களும் உண்டு. ஒருவர் நினைவிருக்கிறது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர். தம்பியைப் பார்க்க மண்டபம் கேம்ப்புக்குப் போக வேண்டும் என்று பெயர் கொடுத்திருந்தார். ஒரு மாதம் தவறிவிட்டது, அட்டை டிராயருக்குப் போய்விட்டது.

"தாயி, கச்சாலுல இருந்து மாசா மாசம் எப்படித் தாயி வாறது? மோட்டார் போட்டு வந்தாத்தானே நாங்க வரலாம்," என்றார்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான் பெரியவரே. புதுசா பேர் குடுத்திட்டுப் போங்க."

புது எண் என்றால் வரிசையின் கடைசி. அவருக்கும் அது தெரியும். பெயர் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்காக ஒரு ஓட்டை போட்டால் அதன் வழியாக என் மகள் நழுவிப் போய்விடுவாள் என்றுதான் நான் யோசித்தேன். அப்போது எனக்கு எல்லா யோசனையும் அங்கே போய்த்தான் முடியும்.

அடுத்து வந்த கப்பலுக்கு லிஸ்ட் மத்தியானத்துக்குள் தயார். காலி இடம் ஒன்றுகூட இல்லை. அதிகாரி தன் அறையிலிருந்து எழுந்து வந்து அலமாரியைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று கொஞ்சம் மிதந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு அலமாரி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. அதை நான் செய்தேன். அந்தத் தீவில் மற்ற எல்லாமே ஆள் பிடித்து, கெஞ்சி, அதட்டி நடந்துகொண்டிருந்தபோது, இது ஒன்று மட்டும் யாரையும் கேட்காமல் நடந்தது.

"இனிமே நான் இல்லாட்டியும் நடக்கும் சார்," என்றேன்.

"நடக்கும்மா, நடக்கும். லீவு எழுதிக் குடுங்க."

அன்றைக்கே எனக்கும் ஒரு அட்டை போட்டேன். மஞ்சள் நூல் கட்டினேன். நான் முதலில் லீவு கேட்ட நாளைக் கணக்கில் எடுத்து அதிகாரி ஒரு முந்தைய எண்ணைக் கொடுத்தார், வரிசையில் முன்னால் இருந்தேன். புதுநன்மைக்கு முன்னால் எப்படியும் ஒரு கப்பல் வரும் என்று துறைமுகத்தில் சொன்னார்கள். கடைக்குப் போய் முக்காட்டுக்கு மெல்லிய வெள்ளை வலைத்துணி வாங்கினேன். ஓரத்தில் சின்னப் பூ தைத்தேன். அக்காவுக்கு எழுதினேன்: மெழுகுதிரி மட்டும் வாங்கி வை, முக்காடு நான் கொண்டு வருகிறேன்.

பிறகு அதிகாரி கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. சிப்பிகாட் விவசாயப் பண்ணையில் விதையும் மண்வெட்டியும் மருந்து அடிக்கும் பம்பும் குடியேறியவர்களுக்குக் கொடுத்து வாங்குகிறார்களாம். யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒன்றும் புரியவில்லையாம். நம் அலமாரியைப் பற்றிக் கேள்விப்பட்டு அங்கேயும் ஒன்று செய்துதரச் சொல்கிறார்களாம்.

"கப்பல் வர்ற வரைக்கும்தாம்மா. இங்கதான் உங்க வேலை தானா நடக்குதே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. என்னை அவிழ்த்துக்கொள்ள ஒரு வழி செய்தால், அதையே கயிறாக்கி இன்னொரு இடத்தில் கட்டுகிறார்கள். ஆனால் லீவு அவர் கையில் இருக்கிறது. சரி என்றேன். காலையில் பஸ் பிடித்து சிப்பிகாட் போவேன். அங்கே ஒரு கொட்டகையில் உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பை தைத்தேன், நூல் கட்டினேன், ஒரு சின்னப் பையனைப் போல ஆர்வமாக இருந்த பண்ணை மேஸ்திரிக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து முக்காடு ஈரம் வாங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். நாட்கள் இப்படிப் போயின. என் ஆபீஸ் பக்கமே நான் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை, அதுதானே அந்த அலமாரியின் அழகு.

கப்பல் வந்த செய்தியைப் பஸ்ஸில்தான் கேட்டேன். டிரைவர் யாரிடமோ கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஓடி வந்து பெட்டியைக் கட்டினேன்.

"ஏளா, லிஸ்ட் நாளைக்குத்தானே ஒட்டுவாவ. அதுக்குள்ள கட்டிட்டியா?" என்றார் கணவர்.

"என் பேரு முன்னாலதான் இருக்கு. பாக்க வேண்டியதே இல்லை."

மறுநாள் காலையில் இருவருமாகப் போனோம். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆபீஸ் வாசலில் லிஸ்ட் ஒட்டியிருந்தது, கூட்டம் முட்டியது. என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். மேலிருந்து படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். என் தேதிப் பையில் என் அட்டை இல்லை. கீழ் டிராயரை இழுத்தேன். மேலாகவே இருந்தது, மஞ்சள் நூலோடு.

பாய் என் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் தப்புச் செய்தவரின் சாயல் கொஞ்சமும் இல்லை.

"உங்க தேதி, தாரீக், வந்துச்சு மேடம். நீங்க ஜன்னலுக்கு வரல்ல. நான் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்தேன், தர்வாஜா மூடறப்போகூடப் பாத்தேன்," என்றார். "நினைச்சேன், மேடம் கா பிளான் கேன்சல் ஆயிடுச்சு. அப்புறம் டிராயர்ல போட்டேன்."

"நான் சிப்பிகாட்ல இருந்தது உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"தெரியும். ஆனா நீங்கதான சொன்னது, யாரா இருந்தாலும்."

சிப்பிகாட்டில் இருந்தது ஒரு சாக்குத்தான். ஆபீஸிலேயே இருந்திருந்தாலும் நான் அந்த ஜன்னலுக்குப் போயிருக்க மாட்டேன். ஜன்னலுக்கு வருவது வெளியே நிற்கிறவர்கள். நான் உள்ளே உட்காருகிறவள். மாதா மாதம் அவர்களை வரச் சொன்ன நான், என் அட்டைக்கும் ஒரு தேதி உண்டு என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனம் கிளார்க்குகளைத் தவிர வேறு யாருக்கும் வராது.

அதிகாரியிடம் ஓடினேன். கடைசிப் பெயரை அடித்துவிட்டு என்னைப் போடுங்கள் என்று கேட்டேன். அந்தக் கடைசிப் பெயர் யார், எதற்காகப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவர் மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"லிஸ்ட் நேத்தே ஜெட்டிக்குப் போயிடுச்சும்மா. டிக்கெட் குடுத்தாச்சு."

"ஒரு போன் பண்ணுங்க சார்."

"பண்ணலாம். வெளிய நிக்கிறவங்க அத்தனை பேருக்கும் நான் என்ன சொல்றது? இத்தனை நாளா ரூல், ரூல்னு திருப்பி அனுப்பிட்டு? இது உங்க ரூல்தானேம்மா." பிறகு கொஞ்சம் இரங்கினார். "எண்ணைப் புதுசா ஆக்க வேண்டாம். அதே அட்டையைத் திரும்பப் பையில வச்சுக்கங்க. அடுத்த கப்பல்ல போங்க. ஆனா தேதிக்கு ஜன்னலுக்கு வந்துடுங்க, நாலு பேர் பாக்கட்டும்."

நான் போகாமல் இருப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததா? இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கணவர் வெளியே பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜங்லிகாட் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். கப்பல் சங்கு ஊதியது வீட்டுக்குள் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது வடியவும் இல்லை. முக்காட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று கணவர் சொன்னார். அதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது.

அடுத்த கப்பல் வரவில்லை. எங்கோ பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். எங்கள் ஊர்ப் பங்குக் கோவிலில் புதுநன்மையை ஒரு வியாழக்கிழமைத் திருநாளில் வைப்பது வழக்கம். அந்த வியாழக்கிழமையும் வந்தது. என் அட்டையின் தேதியும் அதே நாளில் விழுந்தது.

அன்று காலையில் நான் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வங்காளிக் குடும்பம், பின்னால் மீன் வாடையோடு இரண்டு பேர். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. "மேடம், நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க, உள்ள போங்க," என்றார் பின்னால் நின்றவர். நான் நகரவில்லை. வெளியில் இருந்து அந்த ஜன்னலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எவ்வளவு சின்னதாக இருந்தது. உள்ளே இருப்பவர் முகம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். இத்தனை மாதமாக எல்லோரும் என்னிடம் குனிந்துதான் பேசியிருக்கிறார்கள்.

ஊரில் பூசை ஆரம்பித்திருக்கும். அக்கா முக்காடு எங்கேயாவது வாங்கியிருப்பாள், பொருத்தியும் இருப்பாள். என் மகள் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு நடந்துகொண்டிருப்பாள். எந்தக் கையில் பிடித்திருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் எந்தக் கைப் பழக்கக்காரி என்றே எனக்குத் தெரியாது.

வங்காளிக் குடும்பம் நகர்ந்தது. நான் குனிந்தேன். பாய் என் அட்டையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தார்.

"பீலா, மஞ்சள்," என்றார். "வீட்டு விசேஷம். பாக்கி இருக்கா, முடிஞ்சிடுச்சா?"

அவர் முத்திரையை ஊதிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இப்ப நடந்துக்கிட்டு இருக்கு பாய்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அவரிடம் இருந்தது நான் கற்றுக்கொடுத்த இரண்டு பதில்கள்தான். அட்டையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பின்னால் யாரோ இருமினார்கள். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மேடம்," என்றார் மெதுவாக. "பாக்கியா? முடிஞ்சதா?"

"முடிஞ்சிடுச்சு," என்றேன்.

அவர் கீழ் டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாய் அடுத்தவரைக் கூப்பிட்டார்.